தாழம்பூ ரேக்கு வைத்த வெள்ளைப் புடவை

போன வெள்ளிக்கிழமை உங்கள் படத்துக்குப் போடுவதற்கு இரண்டு முழம் கதம்பம் வாங்கினேன். வாழை இலை தீர்ந்துபோய்விட்டது என்று பூக்காரம்மா ஒரு நோட்டீசில் மடித்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தபோது காகிதம் தண்ணீரில் ஊறி, மரிக்கொழுந்து வாசனையோடு கையில் ஒட்டிக்கொண்டது. ஈரக் காகிதத்தைத் தொட்டாலே கையை உடனே முந்தானையில் துடைத்துக்கொள்வேன். ஏன் என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

பூவை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நோட்டீசில் ஒரு பெண் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை. அதன் கரையில் வரிசையாக, கூர்கூராகத் தாழம்பூ ரேக்கு. நான் போட்ட ரேக்கு.

காகிதத்தைத் தரையில் விரித்து, ஃபேனைப் போட்டுவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம் படக்காரர் ஐயாவின் வீட்டைக் காட்சிக்கூடம் ஆக்கியிருக்கிறார்களாம். வேறு யார் படமும் கிடையாது, அவர் வரைந்தது மட்டும்தானாம். அனைவரும் வருக என்று போட்டிருந்தது. அனைவரும் என்பதில் நானும் உண்டா என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கோயில், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி. இதைத் தவிர நான் எங்கும் போகவில்லை. போகட்டுமா என்று கேட்க ஆள் இல்லாமல் போனால் கால் எழும்ப மாட்டேன் என்கிறது. மகளிடம் போனில் சொன்னேன். “இன்னாத்துக்கும்மா உனக்கு அதெல்லாம்? முட்டி வலியை வச்சிக்கினு ஆட்டோவுல ஏறி இறங்கிக்கினு” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு இந்தக் கதையே தெரியாது.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலில் இருந்து எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நாம் முழுசாக ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

அப்போது உங்களுக்கு முப்பது வயசு. வியாழக்கிழமை தோறும் முதலாளியின் பட்டுப்புடவை மூட்டையைப் பட்டணத்துக் கடைகளுக்குக் கொண்டுபோவீர்கள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே படக்காரர் ஐயாதான். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மதிலை ஒட்டின சந்தில் அவர் வீடு. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைக்குப் படம் போடுவார். மூட்டையோடு அவர் படத்தையும் வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரிகை ஆபீசில் கொடுப்பீர்கள். அதற்கு யாரும் கூலி தரவில்லை. ஆனால் உங்களுக்குப் பெருமை எல்லாம் அதில்தான். “புடவை தூக்கினா கூலிக்காரன், படம் தூக்கினா ஆபீசரு” என்று சொல்லி, அன்றைக்கு மட்டும் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொள்வீர்கள். நான் சிரிப்பேன்.

ஆபீசில் அந்தப் படத்தை வாங்கிக்கொள்கிறவர் ஐயாவுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். பத்திரிகைப் பக்கத்தில் எழுத்து எங்கே வர வேண்டும், படம் எங்கே வர வேண்டும் என்று ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. ஐயா அவருக்கு மந்தாரை இலையில் கோயில் இட்லி ஒரு துண்டு கட்டிக் கொடுத்தனுப்புவார். அவர் பதிலுக்கு ஐயாவுக்கு ஒரு மட்டை மூக்குப்பொடி கொடுத்தனுப்புவார். போகும்போது உங்கள் பையில் மிளகு வாசனை. வரும்போது தும்மல். “ரெண்டு கிழவனுங்களும் என்னை வச்சிக் காதல் பண்றானுங்க” என்பீர்கள். அவர்களுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

அந்த ஐப்பசி மாத வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சொட்டச் சொட்ட நனைந்து சைக்கிளோடு வந்து நின்றீர்கள். மூங்கில் மண்டபத்துக்கிட்ட வரும்போது பிடித்த மழை.

“ஏம்மே, படம் போச்சு” என்றீர்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “புடவை?”

“புடவை சுத்தமா இருக்குது. இருந்த ஒரு பிளாஸ்டிக் சீட்டை அதுங்க மேல போத்திட்டேன். படத்தைச் சட்டைக்குள்ள வச்சேன். சட்டையே நனைஞ்சிப்போச்சு.”

உறையைப் பிரித்துப் பார்த்தோம். அதுவரைக்கும் நாம் எந்தப் படத்தையும் பிரித்ததில்லை. ஜன்னல் ஓரம் ஒரு பெண். முகம், கை, ஜன்னல் கம்பி எல்லாம் அப்படியே நின்றிருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் கறுப்பு கரைந்து, சாம்பலைத் தண்ணீரில் கலக்கி ஊற்றின மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஐயா தண்ணீர் விட்டுத்தான் மையைப் பூசுவாராம். அது தண்ணீரோடேயே போய்விட்டது. திரும்ப எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கொடுக்கலாம் என்றால், முசரவாக்கத்தில் ஒரு கல்யாணம் என்று அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் உங்களிடம் கொடுத்தாராம். சாயங்காலத்துக்குள் படம் போய்ச் சேராவிட்டால் பக்கம் காலி. உங்களுக்குப் பன்னிரண்டரை மணிக்கு பஸ்.

நான் அப்போது முதலாளிக்கு டிசைன் பேப்பரில் கட்டம் அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடுகு மாதிரிக் கட்டங்கள். பென்சில் புள்ளி இருக்கிற கட்டத்தை எல்லாம் மையால் அடைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தறிக்கு அட்டை குத்துவார்கள். ஐந்தாவது வரைக்கும் படித்தவளுக்கு வீட்டில் உட்கார்ந்து செய்யக் கிடைத்த நல்ல வேலை. மையும் மெல்லிய பிரஷும் ஜன்னல் மேலேயே இருந்தன. நான் எடுத்தேன்.

“கை வைக்காதேம்மே. பெரிய மனுசர் வரைஞ்சது.”

“அப்போ இந்தச் சாம்பலைக் கொண்டுபோய்க் குடுக்கறீங்களா?”

பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். குழந்தையின் பவுடரைத் தூவினேன். சொம்பில் வெந்நீர் ஊற்றி, அதன் அடியால் காகிதத்தை மெல்ல மெல்லத் தேய்த்தேன். காகிதம் காய்ந்து ஓரளவு வெளுத்தது. பிறகு புடவையை வரைந்தேன். மடிப்பு ஆறு விழுந்தது. மடிப்போடு கரையும் வந்தது. கரையை விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரை இல்லாமல் ஒரு புடவையை நான் எங்கே பார்த்தேன், எங்கள் தெருவில்? என் கைக்குத் தெரிந்த கரை அந்த மாதம் முழுக்க நான் கட்டம் கட்டமாக அடைத்துக்கொண்டிருந்த தாழம்பூ ரேக்கு. கரையிலிருந்து புடவையின் உள்பக்கமாகக் கூர்கூராக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் போட்டேன்.

நீங்கள் ஈரத் தலையோடு குனிந்து பார்த்தீர்கள். “அடேங்கப்பா. ஐயாவே பார்த்தாலும் தான் போட்டதுன்னுதான் நெனைப்பாரு” என்றீர்கள். என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நீங்கள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. பொய் சொல்லவில்லை, அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

படம் பத்திரிகையில் வர இரண்டு வாரம் ஆனது. நம் தெருவில் போஸ்ட்மேன் வீட்டு அக்கா மத்தியானத்தில் தொடர்கதையை உரக்கப் படிப்பாள், நாங்கள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்போம். அந்த வாரம் அந்தக் கதையில் வருகிற பெண்ணின் புருஷன் செத்துப்போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவளுக்கு வெள்ளைப் புடவை கொடுக்கிறார்கள். அக்கா குரல் கம்மிப் படித்தாள். எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். அவள் பக்கத்தைத் திருப்பினாள். படத்தைப் பார்த்தாள்.

“அடியே, இன்னாடி இது அக்கிரமம்! இப்பதான் தாலியை எறக்கினாங்க, அதுக்குள்ள ரேக்கு வச்ச பொடவையைக் கட்டி ஒக்கார வச்சிருக்கான் இந்தப் படக்காரன்!”

“இங்க காட்டுக்கா. அட, ஆமாக்கா!”

“நெசவு ஊர்ல பொறந்துட்டான் இல்ல, கை சும்மா இருக்குமா? நாளைக்கு ஜரிகை முந்தியும் போடுவான்.”

எல்லாரும் அழுத கண்ணோடு சிரித்தார்கள். என் கை ராட்டையில் நின்றுவிட்டது. நான் அந்தப் படத்தைத் தொட்ட அன்றைக்கு, கதை கேட்கிற எங்களுக்கு அவள் புருஷன் உயிரோடு இருந்தான். படம் எப்போதும் கதைக்கு இரண்டு வாரம் முந்திப் போகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஐயா வெறும் வெள்ளைப் புடவைதான் வரைந்திருக்கிறார். நான் அதற்குக் கரை வைத்துவிட்டேன்.

அன்று புதன்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீங்கள் வந்ததும் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கு வியாழன்தானே. ஐயாகிட்ட நானே சொல்லிடறேன்” என்றீர்கள். அவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்.

நான்தான் விடவில்லை. “இன்னான்னு சொல்லுவீங்க? பொடவையை மூடினேன், உங்க படத்தை மழையில விட்டேன், மேல என் பொண்டாட்டி கிறுக்கிட்டான்னா? வேலை வாங்கிக் குடுத்தவரே அவரு. நாளையிலேருந்து உங்களுக்கு எவன் மூட்டையைக் குடுப்பான்? எனக்கு எவன் பேப்பரைக் குடுப்பான்?” என்று கத்தினேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தது. உங்கள் கையைப் பிடித்து இழுத்து அதன் தலையில் வைத்தேன். “யாரு கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும். இது தலை மேல சத்தியம்.” நெருப்பைத் தொட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டீர்கள். அதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன்.

மறுநாள் நடந்ததை அதற்கடுத்த நாள் காலையில்தான் சொன்னீர்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஐயா கொதித்துப் போயிருந்தாராம். “என் படத்துல கை வைக்க அவனுக்கு என்ன துணிச்சல்? இத்தனை வருஷம் பழகினவன், என்னை ஊர் சிரிக்க வச்சுட்டானே” என்றாராம். கரையை அந்த ஆபீஸ் சிநேகிதர்தான் போட்டுவிட்டார் என்று அவர் முடிவே பண்ணிவிட்டார். இட்லி கட்டிக் கொடுக்கவில்லை. ஒட்டின கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் நீங்கள்தான் கொண்டு போனீர்கள். சிநேகிதர் உங்கள் எதிரிலேயே பிரித்துப் படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு உங்களைக் கேட்டார்: “ஏம்ப்பா, நீ கொண்டுவரும்போது படம் எப்படி இருந்துச்சு?”

“எனக்குத் தெரியாதுங்க. நான் பிரிச்சுப் பார்க்கறதில்லை.”

இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். “போதுமாம்மே?” என்று கேட்டீர்கள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஊதிக்கொண்டே இருந்தேன்.

அதோடு அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. படம் வேறு ஒருவர் மேசைக்குப் போக ஆரம்பித்தது. உங்கள் சட்டைப்பையில் பொடி வாசனை போய்விட்டது. ஒரு தடவை அச்சில் வந்துவிட்டதால், கதை முடிகிற வரைக்கும் ஐயாவும் அந்தப் பெண்ணுக்குக் கரை போட்டே ஆகவேண்டி வந்தது. போட்டார். ஆனால் தலைகீழாகப் போட்டார். ரேக்கின் கூர் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு பெரிய படக்காரரானாலும் தறியில் உட்கார்ந்தவர் இல்லையே. அதை நாம் இரண்டு பேரும் வாராவாரம் பார்த்தோம். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்பீர்கள், “இன்னிக்குச் சொல்லிடட்டுமா?” நான் குழந்தையைப் பார்ப்பேன். நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். இரண்டு வருஷம் கேட்டீர்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டீர்கள். நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை என்பது ஐயா செத்துப்போன அன்று தெரிந்தது. எடுக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். “அவரும் வந்திருந்தாரு, ஆபீஸ்காரரு. உள்ள வரல. தெருமுனையில வெயில்ல நின்னுக்கினு இருந்தாரு. ரெண்டு எட்டு வச்சா அவருகிட்ட போயிருப்பேன்” என்றீர்கள். நான், “இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றேன்.

கடைசியாக ஆஸ்பத்திரி. உங்களுக்கு ஒரு பக்கம் இழுத்து, வாய் போய்விட்டது. மூன்றாம் நாள் என் உள்ளங்கையை எடுத்து, விரலால் என்னமோ போட்டீர்கள். கூர்கூராக. ஒன்று, பக்கத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. எனக்குப் புரிந்தது. நன்றாகப் புரிந்தது. “தண்ணி வேணுமா?” என்று கேட்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

நேற்று போனேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோ. கோயில் மதிலோரம் இறங்கிக்கொண்டேன். பதினாறாம் நாள் அண்ணன் எடுத்து வந்து போட்ட கோடிப் புடவையைத்தான் கட்டியிருந்தேன். நல்ல அகலக் கரை, தாழம்பூ ரேக்கு வைத்தது. இப்போதெல்லாம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வாசலில் செருப்பு ஒன்றுகூட இல்லை. உள்ளே இரண்டே அறை. துடைத்துவிட்ட மாதிரிச் சுத்தமாக இருந்தது. ஐயாவின் மகள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாங்கம்மா, பொறுமையாப் பாருங்க” என்றாள். என்னை அவளுக்குத் தெரியவில்லை. உங்களைத் தெரிந்திருக்கும். நான் அந்த வீட்டுக்குள் அதுவரைக்கும் காலே வைத்ததில்லை.

சுவர் முழுக்கப் படம். ராஜா, திருடன், குதிரை வண்டி, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போட்ட சிட்டுக்குருவி. ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவருடைய பேனா, தேய்ந்துபோன பிரஷ், காது உடைந்த கப். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் சீட்டு ஒட்டி, எந்தக் கதைக்கு வரைந்தது என்று போட்டிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்தேனோ இல்லையோ, உங்கள் அக்குளைத்தான் நினைத்துக்கொண்டேன். இதில் எத்தனை படம் உங்கள் அக்குளில் இடுங்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி பட்டணம் போயிருக்கும்? எந்தச் சீட்டிலும் அது இல்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லியிருப்பேன். திரும்பிக்கூடப் பார்த்தேன், நீங்கள் பின்னால் வருகிற பழக்கத்தில்.

இரண்டாவது அறையில் நடுச்சுவரில் அது. கண்ணாடி போட்டு, மேலே தனி விளக்குப் போட்டு. ஆபீசிலிருந்து திரும்பி வந்த அசல் படம், அச்சில் பார்த்ததைவிடப் பெரிது. கிட்டே போனால் வெந்நீர்ச் சொம்பு தேய்த்த இடம் லேசாகப் பளபளக்கிறது. அதைக்கூட ஐயாவின் கைவேலை என்று நினைத்திருப்பார்கள். கீழே சீட்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கணவனை இழந்த பெண்ணுக்குக் கரை வைத்த புடவை உடுத்தி, அந்தக் காலத்திலேயே ஊர் வழக்கத்தை எதிர்த்த ஓவியரின் துணிவு என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பைப் பங்கு போடப் பக்கத்தில் நீங்கள் இல்லை.

ஐயாவின் மகள் எழுந்து பக்கத்தில் வந்தாள். “எல்லாரும் இந்தப் படத்துக்கிட்டதான்மா நிக்கறாங்க.”

நான் வாயைத் திறந்தேன். “இந்தக் கரை ஐயா போட்டது இல்லைம்மா.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “தெரியும். சீட்டு எழுதினது காலேஜ்ல படிக்கிற பொண்ணுங்க. நல்லாயிருக்கேன்னு விட்டுட்டேன். ஆபீஸ்ல இருந்த மாமாதான் கை வச்சுட்டார்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவரும் போடலைம்மா. நான் போட்டேன்.”

அவள் நம்பவில்லை. தனியாக வந்த கிழவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். “உட்காருங்கம்மா, தண்ணி தரட்டுமா?” என்றாள். நான் அவள் கையைப் பிடித்து அடுத்த சுவருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அதே பெண், அதற்கடுத்த வாரங்களில் வந்த படங்கள். “இதுல ரேக்கு எந்தப் பக்கம் பார்க்குது?” என்றேன். “வெளியே” என்றாள். மறுபடி நடுச்சுவருக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். “இதுல?” அவள் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு குனிந்தாள். “உள்ளே.” என் புடவையின் கரையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மழையையும், பிளாஸ்டிக் சீட்டையும், சொம்பையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், “மாமா இருக்கார்மா” என்றாள். “மாம்பலத்துல. எண்பத்தஞ்சு ஆகுது. அப்பா போனப்புறம் நான்தான் எப்பவாவது பேசுவேன். இதை நான் சொல்லக்கூடாது, நீங்களே சொல்லுங்க.” எனக்கு ஓடிப்போய்விட வேண்டும் போல இருந்தது. அவள் எண்ணை அழுத்திவிட்டாள். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்தாள். அந்தப் பக்கம் டிவி இரைந்துகொண்டிருந்தது.

“மாமா, டிவியைக் குறைங்க. இங்க ஒரு அம்மா உங்ககிட்ட பேசணுமாம்.”

“யாரும்மா?”

“ஐயா, நான் காஞ்சிபுரம். வியாழக்கிழமை வியாழக்கிழமை படம் கொண்டாருவாரே, அவரு வீட்டுக்காரி.” சொன்னேன். காது மந்தமாம், சில இடத்தை இரண்டு தடவை கத்திச் சொன்னேன். அந்த வெறும் அறையில் என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

டிவிச் சத்தம் நின்றது. பிறகு, “அந்த ஆளை அன்னைக்கே கேட்டேனேம்மா. கொண்டுவரும்போது படம் எப்படி இருந்துச்சுன்னு. என் கண்ணைப் பார்த்துத் தெரியாதுன்னு சொன்னான். அவன் பொய் சொல்லுவான்னு நான் நெனைக்கலை” என்றார்.

“ஆமாங்க. பயந்துட்டாரு” என்றேன்.

“இருக்கானா?”

“இல்லீங்க. எட்டு மாசம் ஆச்சு.”

“படம் போட்டவன் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்” என்றார். அது அந்த மகளுக்குச் சொன்னதா, எனக்கா, உங்களுக்கா, தெரியவில்லை. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பெருமூச்சு கேட்டது. “ஞாயித்துக்கிழமை வரேன். வண்டி வச்சுக்கிட்டு வந்துடறேன். அந்த அம்மாவையும் வரச் சொல்லு. எது அவன் போட்டது, எது இந்தம்மா போட்டதுன்னு நேர்ல காட்டட்டும்.” வைத்துவிட்டார்.

ஐயாவின் மகள் என்னைச் சந்து முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். “நல்ல காரியம் பண்ணீங்கம்மா. பாவம், உங்க வீட்டுக்காரர் எத்தனை வருஷம் இதை மனசுல வச்சுக்கிட்டிருந்தாரோ. அன்னைக்குக் கொஞ்சம் தைரியமாச் சொல்லியிருந்தா...” என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, ரங்கசாமி குளம் தாண்டும்போதுதான் நான் சொன்ன சொல் எனக்கு உறைத்தது.

பயந்துட்டாரு. அப்படித்தான் சொன்னேன். மழையைச் சொன்னேன், மையைச் சொன்னேன், கரையைச் சொன்னேன். உங்கள் கையை இழுத்துக் குழந்தை தலையில் வைத்ததை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் பொய் சொன்னான் என்றபோது, சொல்ல வைத்தது நான்தான் என்று என் வாய் எழும்பவில்லை. நீங்கள் இல்லாத இடத்தில், உங்கள் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவர்கள் இரண்டு பேர் மனசிலும் இப்போது நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளி, ஒரு பொய்க்காரர். நான் நல்ல காரியம் பண்ணினவள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சோறு வடிக்கவில்லை. நம் மகள் போன் பண்ணினாள். “போனியாம்மா? எப்படி இருந்திச்சு?” என்றாள். நன்றாக இருந்தது என்றேன். “குரல் ஏம்மா ஒரு மாதிரி இருக்குது?” என்றாள். அவளுக்கும் சொல்ல வேண்டும். மூன்று வயசில் அவள் தலைமேல் நான் ஏற்றினதை அவளுக்குத் தெரியாமல் இறக்க முடியாது. சனிக்கிழமை அவளை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் உங்களிடம், பிறகு அவளிடம், பிறகு அந்தப் பெரியவரிடம். இந்த வரிசையில்தான் எனக்குத் தைரியம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கையைப் பிடித்து இரண்டு படத்தையும் காட்டுவேன். அதன்பிறகு, என் வீட்டுக்காரர் அன்றைக்கே சொல்லத்தான் இருந்தார், நான்தான் வாயைக் கட்டிப் போட்டேன் என்பேன். அவர் என்னைப் பார்ப்பார். வைவாரோ, பேசாமல் இருப்பாரோ, எழுந்து போய்விடுவாரோ தெரியாது. அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள நான் ஒருத்திதான் இருக்கிறேன், நானே வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் அது உங்கள்மேல் விழ வேண்டாம்.